அரங்கு நீங்கி இல்லம் புகுந்த கதை

தண்பொருநை என்று பழம்புலவர் பாடிய தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாற்று நீரும் வந்து கலக்கும் இடத்தில் அமைந்தது சீவலப்பேரி. மூன்று நீரும் கூடுவதால் முக்கூடல் என்பது இதன் இலக்கியப் பெயர். ஆசிரியர் இன்னாரென்று அறியப்படாத முக்கூடற் பள்ளு இவ்வூரையே களமாகக் கொண்டது. முக்கூடலூர் மூத்த பள்ளியும் மருதூர் இளைய பள்ளியும் வாதிடும் அந்நூல், தனியே ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பதற்கென்று எழுந்ததன்று. பலர் கூடியிருக்க ஆடியும் பாடியும் நிகழ்த்துவதற்கென்று எழுந்தது. ஆயினும் இன்று வெளியூரார் ஒருவரிடம் சீவலப்பேரி என்று சொன்னால் பள்ளு நினைவுக்கு வருவதில்லை. 'பாண்டியின் ஊரா?' என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடரை அடியொற்றி, நெப்போலியன் நடிக்க, பிரதாப் போத்தன் இயக்கிய 'சீவலப்பேரி பாண்டி' 1994-இல் வெளிவந்தது. ஒரு நூலாலும் பல நூற்றாண்டுகளாலும் கிட்டாத புகழ் ஒரு படத்தால் கிட்டிற்று. அப்புகழ் ஊருக்கு உவப்பானதுதானா என்பது வேறு வினா.

அந்தப் பிரதாப் போத்தன் 2022 ஜூலையில் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னர், 2020 மே 29 அன்று, 'பொன்மகள் வந்தாள்' என்னும் படத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்த அவரைத் தமிழ் மக்கள் கண்டனர். திரையரங்கில் அன்று, தத்தம் வீட்டில். திரையரங்கிற்கென எடுக்கப்பெற்றுத் திரையரங்கைத் தொடாமலே அமேசான் பிரைம் வழியாக இல்லங்களுக்கு வந்த பெரிய தமிழ்ப் படங்களுள் முதலாவது அதுவே. எமதூர்ப் பெயரைத் திரைக்குக் கொண்டுபோனவர், திரை வீட்டுக்கு வந்த நாளிலும் அங்கே இருந்தார் என்பதைத் தற்செயல் என்றுதான் கொள்ள வேண்டும். எனினும் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளில் கதை சொல்லும் முறைக்கும் கேட்கும் முறைக்கும் என்ன நேர்ந்தது என்பது எழுதப்பட வேண்டிய வரலாறு. திரைப்படம் காண்பது ஆகுமா ஆகாதா என்னும் மார்க்கத் தீர்ப்பை இங்கே நாம் எழுதப் புகவில்லை. அதற்குரியோர் உளர், அதற்குரிய பக்கங்களும் உள. கண்டாலும் காணாவிடினும் இக்கதைகள் நம் இல்லத்துக் கூடத்தில் வந்து அமர்ந்துவிட்டன. அமர்ந்த விதத்தையாவது அறிந்திருத்தல் நலம்.

அந்த மே மாதத்தை நம்மவர் எளிதில் மறவார். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. அதற்கு முன்னரே, மார்ச் மாத நடுவில், தமிழகத் திரையரங்குகள் மூடப்பட்டிருந்தன. பள்ளிவாசல்களின் கதவுகளும் அடைபட்டன. ஏப்ரல் 25-இல் பிறந்த ரமலானில் தராவீஹ் தொழுகையை வீட்டிலேயே தொழுதோம். மே 25-இல் நோன்புப் பெருநாள். ஈத்காஹ் இல்லை, தழுவிக்கொள்ள முகம் இல்லை. அதற்கு நான்காம் நாள்தான் மேற்சொன்ன படம் வீடு தேடி வந்தது. மறு ஆண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. இந்நெல்லைச் சீமையின் கதையாகிய மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021 ஏப்ரல் 9-இல் அரங்குகளில் வெளியாயிற்று. மறுநாளே பாதி இருக்கைகளே நிரப்பலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. அம்மாதம் 26 முதல் அரங்குகள் மறுபடியும் மூடப்பட்டன. படம் பிரைம் தளத்திற்கு வந்த மே 14 அவ்வாண்டின் நோன்புப் பெருநாள். இரண்டாம் அலையில் ஜனாஸாக்கள் வரிசையாகச் சென்ற பெருநாள் அது. கூடித் தொழுவதும் கூடிக் காண்பதும் ஒருங்கே தடைபட்ட அந்நாட்களில், தொழுகை தன் கூட்டத்திற்குத் திரும்பக் காத்திருந்தது. கதையோ காத்திருக்கவில்லை.

வீட்டுக்குள் படம் வருவது அன்றுதான் தொடங்கிற்று என்று எண்ணுதல் தவறு. நம் குடும்பங்களைப் பொறுத்தவரை அது நாற்பதாண்டுப் பழைய செய்தி. 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் விடுமுறையில் திரும்புகையில் அத்தர்ப் புட்டிகளோடும் போர்வைகளோடும் வீடியோ டெக்கையும் தூக்கி வந்தனர். வாங்க இயலாதார் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். அண்டை வீட்டார் எல்லாம் கூடத்தில் கூடி, விடியுமட்டும் மூன்று படங்கள் பார்த்த இரவுகள் பலருக்கு நினைவிருக்கும். திரையரங்கு வாசலைப் பெண்மக்கள் மிதித்தல் ஆகாது என்று கண்டித்துக் கொண்டிருந்த பெரியவர்களே, அதே படத்தைத் தம் வீட்டுக் கூடத்தில் போடுவதற்கு ஒளிநாடா தேடியலைந்ததை நாம் கண்டதுண்டு. தடை கதைக்கு இருந்ததா, கட்டடத்திற்கு இருந்ததா என்று அக்காலத்தில் எவரும் கேட்கவில்லை. பொருநை கடலைச் சேரும் பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் திரையரங்கே கிடையாது என்பது அவ்வூரார் பெருமையாகச் சொல்லும் செய்தி. அச்சொல் இன்றும் மெய்யே. ஆனால் கையடக்கப் பேசியுள்ள வீடு ஒவ்வொன்றிலும் அரங்கு ஒன்று இருக்கையில், அம்மெய்யின் பொருள் பெரிதும் சுருங்கிவிட்டது.

1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று, ஒளிநாடா மறைந்தது. 2015-இல் ஹாட்ஸ்டாரும், 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும், அவ்வாண்டு டிசம்பரில் அமேசான் பிரைமும் இந்தியாவிற்கு வந்தன. இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இணையத்தை ஏறக்குறைய இலவசமாக வாரி வழங்கியதை மறத்தலாகாது. அக்குழாய் இல்லையேல் இந்நீர் இல்லை. ஆக, பெருந்தொற்று எதையும் புதிதாய்ப் படைக்கவில்லை. போட்டு வைத்திருந்த வாய்க்காலில் ஒரே நாளில் மடையைத் திறந்துவிட்டது, அவ்வளவே.

இதற்கு முன்னோடியான ஒரு பூசல் 2013-இல் நிகழ்ந்தது. அதில் நம் சமுதாயமும் பங்குகொண்டமையால் சற்று விரித்துரைப்போம். 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்கிற்கு முன்பாகவே, டி.டி.எச். வழியே, ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் வீடுகளுக்கு வழங்க அவ்வாண்டு ஜனவரியில் கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர், திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதே வேளையில், முஸ்லிம்களைப் படம் சித்திரித்த முறையை எதிர்த்து இஸ்லாமிய அமைப்புகளின் கூட்டமைப்பு முறையிட்டது. 144-ஆம் பிரிவின்கீழ் தமிழகமெங்கும் படம் தடுக்கப்பட்டது. நீதிமன்றம், பேச்சுவார்த்தை, சில காட்சிகளின் நீக்கம், சில சொற்களின் ஒலி நீக்கம் ஆகியவற்றிற்குப் பின் பிப்ரவரி 7-இல் படம் இங்கே வெளியாயிற்று. அவ்வெதிர்ப்பு முற்றிலும் சரி என்றோ முற்றிலும் பிழை என்றோ நாம் கூறவில்லை. அது நடந்த விதத்தையே நோக்குகிறோம். கதைக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் தணிக்கைச் சான்று இருந்தது. மனம் புண்பட்டோர் சென்று முறையிட ஆட்சியர் இருந்தார், எதிரே அமர்ந்து பேசப் படத்தின் ஆசிரியர் இருந்தார். என்ன வெட்டப்பட்டது என்பதும் ஊரறிய நடந்தது.

இணையத் தளங்களுக்கு 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் தணிக்கைச் சான்று வேண்டுவதில்லை. 2021 பிப்ரவரி 25-இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகள், வயதுக்கேற்ற வகைப்பாட்டைத் தளங்களே செய்துகொள்ள விட்டு, முறையீட்டிற்கு மூன்று படிகளை அமைத்தன. இதனால் விளைந்த நன்மையை மறைக்கலாகாது. 1993-இல் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட இராஜாக்கண்ணுவின் வழக்கை, அதில் அன்று வழக்கறிஞராக நின்ற கே. சந்துருவின் போராட்டத்தைக் கொண்டு பின்னப்பட்ட 'ஜெய் பீம்' 2021 நவம்பர் 2-இல் பிரைம் தளத்தில் வந்தபோது, இருளர் மக்களின் துயரைத் தமிழகமே ஓரிரவில் பேசிற்று. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வாழைத்தார் சுமந்து பிழைக்கும் பிள்ளைகளின் துயரைச் சொல்லும் 'வாழை' 2024 ஆகஸ்டில் அரங்கிற்கும் அக்டோபரில் ஹாட்ஸ்டாருக்கும் வந்தது. பொருநைக் கரையின் வாழைத்தோட்டத்து வரப்பைத் தமிழறியாதார் அடியெழுத்தின் துணையால் காணுதல் முன்பு நினைக்கவும் இயலாதது.

கதையின் உடலும் மாறிற்று. நம் நாட்டுத் திரைக்கதைக்கு இடைவேளை என்பது நடு எலும்பு. அதற்கேற்ப ஓர் அதிர்ச்சியை நடுவில் வைத்து, தேநீர் குடித்துத் திரும்பியவனை மீண்டும் இழுத்துப் பிடிக்க ஒரு பாட்டையோ சண்டையையோ வைப்பது தொழில்வழக்கு. வீட்டில் காண்பவனுக்கு இடைவேளை அவன் கைவிரலில் இருக்கிறது. புஷ்கர் - காயத்ரியின் 'சுழல்' 2022 ஜூனில் எட்டுப் பகுதிகளாக வந்தது. குமரி மண்ணைக் களமாகக் கொண்ட 'வதந்தி' அவ்வாண்டு டிசம்பரில் அவ்வாறே வந்தது. மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் நீங்கியதும் துணை மாந்தருக்கு வாழ்வு கிடைத்தது. காதற்பாட்டிற்கு வேலை குறைந்தது. அதே வேளையில், ஏறத்தாழ எல்லாத் தொடர்களும் ஒரு பிணத்தில் தொடங்கி ஒரு கொலைகாரனைத் தேடுவதிலேயே முடிகின்றன. இத்தனை அகலமான வயலில் ஒரே பயிரை மாந்தர் விதைப்பானேன் என்று நாம் வியக்கிறோம்.

தொடர்கதையின் சூத்திரம் நமக்குப் புதியதன்று. 'அல்ஃப் லைலா வ லைலா'வில் ஷஹ்ரஸாத், கதையின் முடிச்சிலே வைகறை வந்ததும் வாய்மூடுகிறாள். அடுத்ததைக் கேட்கும் ஆவலே அவளுக்கு இன்னொரு நாள் உயிரைத் தருகிறது. அங்கே வைகறைக்கு ஓர் அதிகாரம் இருந்தது; அரசனாயினும் பகல் முழுதும் காத்திருந்தே தீர வேண்டும். 2013 பிப்ரவரி 1-இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டபோது அவ்வைகறை நீக்கப்பட்டது. ஒரு பகுதி முடிந்த சில விநாடிகளில் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. ஷஹ்ரஸாதின் மௌனத்தையே தொழிலறிந்தோர் எடுத்தெறிந்துவிட்டனர். ஃபஜ்ருத் தொழுகை தப்பும் இளைஞரைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், இந்த ஏற்பாட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இவற்றினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. நம்முடைய பழங்கல்வி அதனைக் காண உதவும்.

தமிழில் நூல் வெளியீட்டுக்கு அரங்கேற்றம் என்று பெயர். வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572-இல் மதுரையில் அரங்கேறியதாக அறிகிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களும் ஊர்தோறும் பலர் கூடிய சபையிலே படிக்கப்பட்டு விரித்துரைக்கப்பட்டவை. கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் முனாஜாத்துகளும் அவ்வாறே குரலாலும் கூட்டத்தாலும் வாழ்ந்தன. எழுத்தறியாத பாட்டியும் அவற்றின் வரிசையை அறிவாள். ஓதுவார் ஓர் அடியை மாற்றினால் திரைக்கு அப்பாலிருந்து அவள் திருத்துவாள். அரபு மொழியில் இவ்வழக்கம் ஒரு சாத்திரமாகவே வளர்ந்தது. நூலொன்று ஆசிரியர் முன்னிலையில் ஓதப்பெறும்போது, அவ்வமர்வில் இருந்தோர் பெயர், இடம், தேதி ஆகியன சுவடியின் ஓரத்தில் எழுதப்பட்டன. இக்குறிப்புகளை ஸமாஆத் என்பர். டமாஸ்கஸ் நகரத்துச் சுவடிகளில் இத்தகைய கேள்விச் சான்றுகள் நூற்றுக்கணக்கில் உள. ஆண்கள் மட்டுமன்றிப் பெண்கள், சிறுவர் பெயர்களும் அவற்றில் காணப்படுகின்றன. ஹதீஸ் நூல்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுப்பாடு என்று எண்ண வேண்டா. நம் மதரஸாக்களில் ஓதப்படும் மகாமாத் நூலின் ஆசிரியர் ஹரீரி, ஹிஜ்ரி 516-இல் மறைந்தவர், தம் நூலின் எழுநூறு படிகளுக்குத் தாமே இஜாஸத் வழங்கினார் என்று எழுதி வைத்துள்ளனர். அது முழுக்கவும் கற்பனைக் கதை. ஸரூஜ் ஊர் அபூ ஸைது என்னும் சொல்வல்ல ஏமாற்றுக்காரனின் கதை. கட்டுக்கதைக்கும் ஸனது கேட்ட காலம் அது! மகாமா என்ற சொல்லுக்கே பலர் கூடும் அவை என்பது பொருள்.

திரையரங்கை இவற்றோடு ஒப்பிடுவது சிலருக்கு உறுத்தலாம். உயர்வு தாழ்வு பேசவில்லை, அமைப்பைப் பேசுகிறோம். அரங்கில் முந்நூறு பேர் கண்ட ஒரு காட்சிக்கு முந்நூறு சாட்சிகள் உண்டு. எங்கே சிரித்தனர், எங்கே விசிலடித்தனர், எங்கே ஒரு முஸ்லிம் இளைஞன் தலை குனிந்து அமர்ந்திருந்தான் என்பதெல்லாம் பொதுவெளியில் நடந்தவை. படம் முடிந்து வெளியே வந்தபின் தேநீர்க் கடையில் அதைப் பற்றி வாதிடலாம். வீட்டில் தனித்தனிப் பேசியில், தனித்தனி வேளையில், செவிக்கருவி பூட்டிக் காண்போரில் எவர் எதைக் கண்டார் என்பது ஒரே கூரையின்கீழ் வாழ்வோருக்கும் தெரியாது. வீடியோ டெக் காலத்தில் வீடு சிறு அரங்காயிற்று. இப்போது வீட்டுக்குள்ளும் அரங்கில்லை.

நம் பதிலுரைகள் இன்னும் பழைய வாசலையே தேடி அலைகின்றன. 2024 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'அமரன்' படத்தைக் குறித்து நம்மிடையே மனக்குறை இருந்தது. அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்தோரும் இருந்தனர். நவம்பர் 16 விடியற்காலையில் மேலப்பாளையத்தில் அப்படம் ஓடிய திரையரங்கின்மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. எவர் செய்திருப்பினும் அது இழிசெயல். மார்க்கத்தின் பெயரால் அதற்கு ஒரு சொல் துணையும் கிடையாது. அறிவீனமும்கூட. டிசம்பர் 5-இல் அதே படம் நெட்ஃபிளிக்ஸ் வழியே மேலப்பாளையத்தின் தெருக்கள் அனைத்திலும் புகுந்தது. அப்போது எந்தக் கதவு முன் நிற்பது? அதற்கு முன்னரே, 2021 ஆகஸ்டில், நெட்ஃபிளிக்ஸின் 'நவரசா' தொகுப்பிற்கான நாளிதழ் விளம்பரத்தில் குர்ஆன் வசனம் அச்சிடப்பட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது. விளம்பரம் தாளில் இருந்தமையால் எதிர்ப்போர் கையில் பிடிக்க ஒன்று இருந்தது.

அரங்குகளோ அழியவில்லை; தேய்ந்தன. 2020 நவம்பர் 10-இல் பாதி இருக்கைகளோடு அவை திறந்த இரண்டாம் நாள் 'சூரரைப் போற்று' வீட்டுக்கு வந்தது. 'மாஸ்டர்' 2021 பொங்கலுக்கு ஜனவரி 13-இல் அரங்குகளை நிறைத்தது. பதினாறே நாட்களில், 29-ஆம் தேதி, பிரைம் தளத்திற்குச் சென்றது. எத்தனை வாரம் அரங்கிற்கே உரியது என்னும் வழக்கு உரிமையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே அன்று முதல் ஓயவில்லை. சென்னையில் 1983 முதல் நின்ற உதயம் திரையரங்கம் 2024-இல் மூடப்பட்டது. பெருநாயகர் படங்களுக்குத் திருவிழாக் கூட்டம் இன்னும் வருகிறது. ஏனைய படங்களை 'வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

சாட்சி இல்லாத இடத்தில் பாடம் மாறும் என்பது சுவடி ஆய்ந்தோர் அறிந்த விதி. 'ஜெய் பீம்' வெளியான சில நாட்களில், ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் படம் தங்கள் சமுதாயத்தைக் குறிக்கிறதென்று ஒரு சாரார் முறையிட்டனர். நாட்காட்டிப் படம் மாற்றப்பட்டது. மாற்றியது நியாயமாகவே இருக்கலாம். நாம் காட்ட விரும்புவது, பழைய படம் இருந்த இடத்தில் இப்போது வேறு படம் உள்ளது என்பதைப் பின்னால் காண்பவருக்குச் சொல்ல ஓரக்குறிப்பு எதுவும் அங்கே இல்லை என்பதே. விஸ்வரூபத்தில் வெட்டியது ஊரறிய வெட்டியது. இதில் மாற்றம் கண் இமைப்பதற்குள் எல்லா வீடுகளிலும் ஒருங்கே நிகழ்ந்துவிடுகிறது.

'அன்னபூரணி'யின் கதை இன்னும் மேலே செல்கிறது. அந்தணக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சமையற்கலைஞராக முயலும் அப்படம், தணிக்கைச் சான்று பெற்று 2023 டிசம்பர் 1-இல் அரங்குகளில் வெளியானது; எதிர்ப்பின்றியே ஓடிற்று. டிசம்பர் 29-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் வடபுலத்திலிருந்து முறையீடுகள் கிளம்பின. அவள் தொழுகை நடத்திவிட்டுப் பிரியாணி சமைக்கும் காட்சியும், முஸ்லிம் தோழன் இராமரின் உணவு பற்றிச் சொல்லும் சொல்லும் அவற்றின் பொருள். அவள் பிரியாணியைக் கற்பது ஒரு முஸ்லிம் பெண்ணிடத்தில் என்பதால் தமிழ்ப் படங்களில் நம்மவர் குண்டு ஏந்தாமல் கரண்டி ஏந்தி வரும் அரிய இடங்களுள் அதுவும் ஒன்று. 2024 ஜனவரியின் இரண்டாம் வாரத்தில் படத்தையே தளத்திலிருந்து நீக்கினர். நீதிமன்றம் தீர்ப்புரைக்கவில்லை, தணிக்கைக் குழு சான்றை மீட்கவில்லை. சந்தா செலுத்தி அதைக் கண்டவர்கள் பல்லாயிரவர் இருப்பர். ஹரீரியின் நூலுக்கு எழுநூறு படிகள் எழுநூறு வீடுகளில் இருந்தன. பக்தாதில் ஒன்று எரிந்தால் பஸராவில் ஒன்று எஞ்சும். இப்படத்தைக் காசு கொடுத்துக் கண்ட அந்தப் பல்லாயிரவருள் எவர் வீட்டிலும், மறுநாள் காலையில், அதன் படி ஒன்றும் இல்லை.